பின்னாசனமா, பின்பெட்டியா? கிராமச் சுற்றுப்பணிக்கு ஏற்ற வாகனம்

கிராமங்களில் பணியாற்றும் ஒரு சிறிய பணிமனை செய்யும் மிகப் பெரிய கொள்வனவு பெரும்பாலும் ஒரு வாகனமாகவே இருக்கும். கட்டடம் பங்கிலிருந்து கிடைக்கலாம். மேசை, கதிரை யாராவது அன்பளிப்புச் செய்யலாம். வாகனத்தையோ காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாங்கிய பின்னரும் அது நாளாந்தம் காசு கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே, எந்த வாகனம் என்பது சாரதிக்கும் கராஜ்காரருக்கும் மட்டும் உரிய கேள்வியன்று. நாம் எந்தக் கிராமத்துக்குப் போவோம், எந்தக் கிராமத்தைத் தவிர்ப்போம், யாரை ஏற்றுவோம், யாரை வீதியோரத்தில் விட்டுச் செல்வோம் என்பதையெல்லாம் அந்த ஒரு கொள்வனவு தீர்மானித்து விடுகிறது.

காரின் உடலும், பின்பக்கக் கதவும், நான்கு சில்லுகளுக்கும் இழுவையும் கொண்ட சிறிய ஸ்ரேசன் வகன் ஒன்றை நீண்டகாலம் ஓடிய பணிமனை, அது தேய்ந்து போகும் வேளையில், அடுத்ததாகப் பிக்கப் ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பது இயல்பு. நம்மவர் ‘கப்’ என்று அழைக்கும் அந்த வாகனம் சுமை ஏற்றும், உயரமாக நிற்கும், பார்வைக்கும் கம்பீரமானது. 2020 ஆம் ஆண்டு இலங்கையில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இன் தொடக்கத்தில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதையடுத்து, பல ஆண்டுகளாகத் தள்ளிப்போடப்பட்ட இந்தக் கேள்வி பல இடங்களில் மேசைக்கு வந்திருக்கிறது. விலைகளோ முன்னர் அறிந்த விலைகள் அல்ல. ஒருமுறை பிழைத்தால் பத்து வருடத்துக்குப் பிழைத்தது போலத்தான். எனவே இவ்விரு வாகனங்களையும் நிதானமாக நிறுத்துப் பார்ப்பது பயனுள்ளது.

சிறு வண்டி பிறந்த கதை

சிறிய நாற்சில்லு இழுவை வண்டி நகரத்துப் பணக்காரரின் உல்லாசத்துக்காகப் பிறந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. யப்பானின் வடகிழக்கிலுள்ள தோஹோகு பிரதேசம் பனி மிகுந்த மலைநாடு. அங்கே மின்கம்பிகளைப் பார்வையிடும் மின்சாரக் கம்பனி ஊழியர்கள் ஜீப் வண்டிகளிலேயே சென்று வந்தார்கள். ஜீப் எங்கும் ஏறும். ஆனால் குளிரும் குலுக்கலும் பொறுக்க முடியாதவை. ஜீப்பைப் போல ஏறக்கூடியதும், காரைப் போல வசதியாக இருந்து செல்லக்கூடியதுமான ஒரு வண்டி அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்த வேண்டுகோளை ஏற்று, மியாகி மாநிலத்துச் சுபாறு விற்பனை நிலையத்தினர் 1971 அளவில் ஒரு சிறிய வானின் பின்சில்லுகளுக்கும் இழுவை கொடுத்துப் பார்த்தார்கள். அம்முயற்சியிலிருந்தே 1972 இல் சுபாறு லியோனே நாற்சில்லு இழுவை வகன் சந்தைக்கு வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1982 இல், ரொயோட்டா நிறுவனமும் ஸ்பிறின்ரர் கரிப் என்ற இதே வகை வண்டியை வெளியிட்டது.

ஆகவே சிறு வண்டி ஊர் ஊராகச் சென்று பணி செய்யும் தொழிலாளிக்காகவே பிறந்தது. கருவிப்பெட்டியுடன் இரண்டு மூன்று பேர், பழுதான வீதியில், களைப்பின்றிப் போய் அன்றே திரும்பி வருவதற்கு அது பொருத்தமானது. சுமை ஏற்றுவது அதன் முதல் நோக்கமாக இருக்கவில்லை.

பிக்கப்பின் கதை வேறு. ரொயோட்டா ஹைலக்ஸ் 1968 இல் யப்பானில் அறிமுகமானபோது, அது ஏறத்தாழ ஒரு தொன் சுமை ஏற்றும் சிறிய லொறியே. நாற்சில்லு இழுவை அதற்கு 1979 இல்தான் கிடைத்தது. பின்னாசனமும் நான்கு கதவும் கொண்ட ‘டபிள் கப்’ குடும்பங்களும் அலுவலர்களும் விரும்பும் வாகனமாக மாறியதும் பின்னர்தான். ஏணி போன்ற இரும்புச் சட்டமும், அதன் கீழே லொறிக்குரிய தட்டு ஸ்பிறிங்குகளும் அதன் பலம். அதே பலம்தான், பின்பெட்டி வெறுமையாக இருக்கும்போது குழிகளில் அதைத் துள்ள வைக்கிறது. சுருங்கச் சொன்னால், முன்னது சேற்றில் ஓடப் பழகிய கார். பின்னது ஆட்களை ஏற்றப் பழகிய லொறி.

தார் வீதியில் முடிந்துவிடும் பயணங்கள்

கிராம அபிவிருத்தி பற்றி எழுதிய பிரித்தானிய அறிஞர் ரொபேட் சேம்பர்ஸ் 1983 இல் வெளியிட்ட நூலில், கிராமத்தைப் பார்க்கச் செல்லும் வெளியாருடைய கண் எங்கெங்கே மறைக்கப்படுகிறது என்று விளக்கினார். வாகனம் ஓடக்கூடிய தார் வீதியின் ஓரத்தில் உள்ளவற்றையே அவர்கள் காண்கிறார்கள். வறட்சிக் காலத்தில் மட்டும் போகிறார்கள்; மழையில் போவதில்லை. தலைவர்களையும் வசதியுள்ளவர்களையும் சந்திக்கிறார்கள். நோயாளியையும் தனித்து வாழும் மூதாட்டியையும் சந்திப்பதில்லை. கடைநிலையில் உள்ளவர்களுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பதே அந்நூலின் அடிப்படைக் கருத்து. திருச்சபைப் பணியாளருக்கு அது புதிய போதனையன்று.

நமது நாட்டில் ‘ஏ’, ‘பி’ வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. அடுத்த தரத்து வீதிகள் மாகாண சபைகளிடமும், ஊருக்குள் செல்பவை பிரதேச சபைகளிடமும் உள்ளன. யுத்தம் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின்னர் வடக்கின் பெருவீதிகள் பல திருத்தப்பட்டன. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளமான ஏ34 வீதியில் இன்று எந்தக் காரும் போகும். அதற்கு நாற்சில்லு இழுவை தேவையில்லை. தேவை தொடங்குவது, பெருவீதியை விட்டுக் கிரவல் பாதையில் திரும்பும் இடத்திலாகும்.

அதுவும் எந்த மாதத்தில் என்பது முக்கியம். வறண்ட வலயத்தின் மழையிற் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களிலேயே பெய்கிறது. காலபோக விதைப்பும், குளங்கள் நிரம்பி வான் பாய்வதும், வெள்ளத்தில் பாதை அறுவதும், டெங்கு பரவுவதும் அக்காலத்தில்தான். மக்களுக்கு நாம் தேவைப்படுவதும் அப்போதே. ஓகஸ்ட் மாதத்தில் எந்த வாகனமும் நல்ல வாகனம்தான். அதனை மார்கழியில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சேற்றிலும் மணலிலும்

மார்கழிச் சோதனையில் இரு வாகனங்களும் எப்படி நிற்கும்?

சிறு வண்டியின் நல்ல குணம் அதன் குறைந்த எடை. மேற்பரப்பு மட்டும் ஈரமான கிரவல் பாதையில் அது வழுக்காமல் ஓடும். இவ்வகை வண்டிகள் பலவற்றில் நான்கு சில்லுகளுக்கும் இழுவை தானாகவே பகிரப்படுவதால் சாரதி எந்தப் பிடியையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் வயிறு தாழ்வானது. வண்டில், உழவு இயந்திரச் சில்லுகள் உழுத ஆழமான தடங்களுக்கிடையே மண் மேடாக நிற்கும் இடத்தில் வயிறு தட்டி, சில்லுகள் அந்தரத்தில் சுழலும். மேலும் இவற்றுட் பெரும்பாலானவற்றில் மெதுவாக இழுக்கும் தாழ் கியர்த் தொகுதி இல்லை. சுமையுடன் குளக்கட்டில் ஏறும்போது கிளச் கருகும் மணம் வருவது அதனாலேயே.

முருங்கன் பகுதிக் களிமண்ணை அறிந்தவர்களுக்கு இன்னொரு தொல்லையும் தெரியும். மழையில் அந்தக் கருங்களி சில்லில் ஒட்டிக்கொண்டு சுழன்று, ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையிலுள்ள வெளியை அடைத்துவிடும். அந்த வெளி குறுகலான சிறு வண்டி அங்கேயே நின்றுவிடும். பிக்கப்பில் அவ்வெளி பெரிது, வயிறும் உயரம், தாழ் கியரும் உண்டு. இவ்விடத்தில் பிக்கப்பே மேலானது என்பதில் சந்தேகமில்லை.

எனினும் பிக்கப்பைப் புதிதாக ஓடுபவர் மூன்று விடயங்களை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பெரும்பாலான பிக்கப்புகளில் நாற்சில்லு இழுவையை வேண்டியபோது மட்டுமே போட வேண்டும். திரும்பும்போது முன்சில்லும் பின்சில்லும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. சேற்றில் சில்லு சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சமாளிக்கும். காய்ந்த தார் வீதியில் வழுக்க இடமில்லாததால், அந்த விறைப்பு முழுவதும் கியர்களிலும் அச்சுகளிலும் விழும். நாற்சில்லு இழுவையுடனேயே தார் வீதியில் ஓடி வாகனத்தைக் கெடுப்பது, சிறு வண்டியிலிருந்து மாறும் சாரதிகளிடம் எளிதில் ஏற்படக்கூடிய தவறு.

இரண்டாவது, வெறுமையான பிக்கப்பின் பின்பக்கம் இலேசானது. எடை முழுவதும் எஞ்சின் இருக்கும் முன்பக்கத்தில். மழை பெய்த வீதியில் பின்சில்லு இழுவையுடன் வேகமாகத் திரும்பினால் பின்பக்கம் விலகி ஓடும். சிறு வண்டியில் பத்து வருடம் ஓடிய கை இதனை எதிர்பார்க்காது. வளைவில் வேகத்தைக் குறைப்பதே மருந்து.

மூன்றாவது, அதன் நீளம். சிறு வண்டி 5 மீற்றரைச் சற்றுத் தாண்டிய ஆரையில் திரும்பும். டபிள் கப்புக்கு 6 மீற்றருக்கு மேல் வேண்டும். படலைகளுக்கிடையே செல்லும் ஒழுங்கையிலும், குளக்கட்டின் மேலும் இந்த ஒரு மீற்றர் பெரிய மீற்றர். திருப்ப இடமின்றிப் பின்புறமாகவே அரைக் கிலோமீற்றர் ஓடி வரவேண்டியும் நேரலாம்.

மன்னார்த் தீவிலும் கிழக்குக் கரையோரத்திலும் உள்ள மணற் பாதைகளுக்கு வேறு வித்தை. அங்கே எஞ்சினின் பலத்தைவிட ரயரின் அகலமே உதவும். 30 இறாத்தலுக்கு மேல் இருக்கும் காற்றை 20 இறாத்தல் அளவுக்கு இறக்கினால் ரயர் பரந்து மணலில் மிதக்கும். தார் வீதிக்கு வந்ததும் மறவாமல் மீண்டும் காற்றடிக்க வேண்டும். காற்றுக் குறைந்த ரயருடன் வேகமாக ஓடினால் அது சூடாகி வெடிக்கும். கையால் அடிக்கும் பம் ஒன்று வண்டியில் இருப்பது அவசியம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பிக்கப்பின் உயரம் சாரதிக்குத் தவறான துணிவைக் கொடுக்கும். வான் பாய்ந்து பாலத்தின் மேலால் ஓடும் நீர், 30 சென்ரிமீற்றர் ஆழத்திலேயே சிறு காரை இழுத்துச் செல்லக்கூடும். 60 சென்ரிமீற்றர் ஆழமாக ஓடும் நீர் பிக்கப் உட்படப் பெரும்பாலான வாகனங்களைத் தள்ளிச் செல்லும். நீரின் கீழே பாதை அறுந்திருப்பதும் கண்ணுக்குத் தெரியாது. ஓடும் நீரின் முன் இரண்டு வாகனங்களும் ஒன்றே. காத்திருப்பதே வழி.

சுமைக் கணக்கு

பிக்கப் வாங்குவோர் சொல்லும் முதற் காரணம் சுமை. அதனைக் கணக்காகவே பார்ப்போம். கீழே தரப்படுபவை உதாரண அளவுகள். சரியான அளவை அவ்வவ் வாகனத்தின் கைநூலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆட்களும் பொருட்களும் சேர்ந்து ஒரு சிறு வண்டி 400 கிலோ சுமக்கும் என வைத்துக்கொள்வோம். சாரதியும் ஒரு பணியாளரும் 130 கிலோ. மீதி 270 கிலோ. 50 கிலோ பசளைப் பை என்றால் 5 பைகள். ஒற்றைக் கப் பிக்கப் 1,000 கிலோ சுமக்கும் என்றால், அதே இருவர் போக மீதி 870 கிலோ; 17 பைகள். இந்த 17 பைகளையும் சிறு வண்டியில் கொண்டுசெல்ல 4 பயணங்கள் வேண்டும். கிராமம் 30 கிலோமீற்றர் தூரம் எனில் 4 பயணங்களுக்கு 240 கிலோமீற்றர். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடினாலும் 20 லீற்றர் எரிபொருள். பிக்கப் லீற்றருக்கு 9 கிலோமீற்றரே ஓடினாலும், ஒரே பயணத்தில், 7 லீற்றருக்குள் காரியம் முடிந்துவிடும்.

ஆனால் அந்தப் பிக்கப் டபிள் கப்பாக இருந்தால் கணக்கு மாறுகிறது. அதன் தாங்குசக்தி 800 கிலோ என வைத்துக்கொண்டு ஐந்து பேரை ஏற்றினால், ஆளுக்கு 60 கிலோ வீதம் 300 கிலோ போய்விடும். பின்பெட்டிக்குப் போட்ட இரும்புக் கூடாரத்துக்கு 60 கிலோ. மீதி 440 கிலோ. 8 பைகள் மட்டுமே. பெட்டியின் நீளமும் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர்தான். கூரைத்தகடும் குழாயும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஐந்து பேரையும் ஒரு தொன் சுமையையும் ஒன்றாக ஏற்றலாம் என்று நினைத்து டபிள் கப் வாங்குபவர் ஏமாறுவார்.

நீர் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வறட்சிக் காலத்தில் குடிநீர் வழங்க, கறுத்த பிளாஸ்ரிக் தாங்கி ஒன்றைப் பிக்கப்பில் ஏற்றுவது வழக்கம். 1,000 லீற்றர் நீர் சரியாக 1,000 கிலோ. தாங்கியும் சாரதியும் அதற்கு மேல். அத்துடன் அரைவாசி நிரம்பிய தாங்கியில் நீர் அலைந்து, வளைவில் வாகனத்தையே தள்ளும். 500 லீற்றர்த் தாங்கியை நிரப்பி, முன்பக்கமாக இறுக்கிக் கட்டி, இரண்டு தடவை ஓடுவது மேல்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டின் இறுதியிலேயே அத்தடை தளர்த்தப்பட்டது. அம்மாதங்களில் கூட்டெருவுக்கு அலைந்தவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். பையில் வந்த யூரியாவின் இடத்தைப் பிடிக்கும் கூட்டெருவுக்கு அதைவிடப் பல மடங்கு சுமை ஏற்ற வேண்டியிருந்தது. இயற்கைப் பசளையைப் பணியாக எடுக்கும் நிறுவனம் வாகனத்தையும் அதற்கேற்பவே சிந்திக்க வேண்டும்.

யார் எங்கே இருப்பது?

சுமையைவிடப் பெரிய கேள்வி ஆட்கள் பற்றியது. சிறு வண்டியில் ஐந்து பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். அலுவலர், தாதி, மாதர் சங்கத் தலைவி, வழியில் ஏறிய முதியவர் எல்லோரும் ஒரே குழியில் குலுங்கி, ஒரே கதையைக் கேட்டுச் செல்கிறார்கள். கிராமத்தைப் பற்றி அலுவலர் அறிவதிற் பாதி அந்தப் பின்னாசனத்திலேயே கிடைக்கிறது.

பிக்கப் வந்ததும் ஒரு பிரிவு தோன்றுகிறது. அலுவலர் முன்னே கண்ணாடிக்குள். கிராமத்தவர் பின்னே வெயிலில். ஒருவரும் திட்டமிட்டு இதைச் செய்வதில்லை. இடம் அப்படி அமைந்திருப்பதால் அப்படி நடந்துவிடுகிறது. பின்பெட்டியில் ஆசனப்பட்டி இல்லை, தலைக்குப் பாதுகாப்பு இல்லை. ஒரு மாடு குறுக்கே பாய்ந்து பிறேக் பிடித்தால், உள்ளே இருப்பவர் முன்சாய்வார்; பின்னே இருப்பவர் வெளியே வீசப்படுவார். கூட்டத்துக்கு வந்த பெண்களையும் பாடசாலைப் பிள்ளைகளையும் பின்பெட்டியில் நிறைத்து வீட்டில் விடுவது உதவி போலத் தோன்றலாம். உண்மையில் அது அவர்களுடைய உயிரைப் பணயம் வைப்பதாகும்.

நோயாளியின் நிலை இன்னும் கடினம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 இல் தொடங்கி, 2018 இல் வட மாகாணத்துக்கும் வந்தது. அது பெரும் ஆறுதல். எனினும் பாதை வெள்ளத்தில் மூழ்கிய ஊரிலிருந்து அம்புலன்ஸ் நிற்கும் சந்தி வரை நோயாளியைக் கொண்டுவருவது யார்? அந்த ஐந்து கிலோமீற்றரில் ஊருக்குள் நிற்கும் வாகனமே கைகொடுக்க வேண்டும். தட்டு ஸ்பிறிங்கின் மேல், வெறும் பெட்டியில், பிரசவ வேதனையுடன் ஒரு தாயைக் கிடத்த முடியாது. ஆகவே பின்னாசனம் இல்லாத ஒற்றைக் கப்பைப் பணிமனையின் ஒரே வாகனமாக வைத்திருப்பது கிராமப் பணிக்குப் பொருந்தாது என்பது எமது துணிபு. சுமை குறைந்தாலும், ஒரே வாகனம்தான் என்றால் அது டபிள் கப்பாகவே இருக்கட்டும். அதன் பின்னாசனம் பணியாளரின் பைகளுக்கு முன் பலவீனமானவருக்கு உரியதாகட்டும். காயப்பட்டவனைத் தன் மிருகத்தின் மேல் ஏற்றிய சமாரியன் அதன் பின் தான் நடந்தே போயிருக்க வேண்டும் அல்லவா?

செலவும் பழுதும்

மாதம் 1,800 கிலோமீற்றர் ஓடும் பணிமனைக்கு, மேற்சொன்ன உதாரண அளவுகளின்படி, சிறு வண்டிக்கு 150 லீற்றரும் பிக்கப்புக்கு 200 லீற்றரும் வேண்டும். டீசல் மலிவு, ஆகையால் பரவாயில்லை என்று சொல்வர். அது எக்காலத்துக்கும் பொருந்தாது. 2022 இன் இறுதியில் சாதாரண டீசல் விலை 92 ஒக்ரேன் பெற்றோல் விலையைவிட உயர்ந்து நின்றது. அதே ஆண்டு நடுப்பகுதியில் கியூஆர் முறையில் வாராந்தப் பங்கு வழங்கப்பட்டபோது, குறைந்த எரிபொருளில் கூடிய தூரம் ஓடும் வாகனமே பணியைத் தொடர உதவியது. ரயர், பிறேக், காப்புறுதி ஆகியவையும் பிக்கப்புக்கு அதிகம்.

1990 களில் பொருளாதாரத் தடையின் கீழ் இருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டை நினைத்துப் பார்க்கலாம். பெற்றோல் இல்லாத அந்நாட்களில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சில துளி பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடின. ஊர்க் கராஜ்காரர் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய எளிய எஞ்சின்களாக இருந்ததால்தான் அது முடிந்தது. இன்றைய டீசல் எஞ்சின்களின் நுட்பமான ஊசிகளும் மின்னணுக் கட்டுப்பாடும் அழுக்கு எரிபொருளைப் பொறுப்பதில்லை. ஆகவே வாங்குமுன், அருகிலுள்ள பட்டணத்தில் அதனைத் திருத்தத் தெரிந்தவர் உண்டா, உதிரிப்பாகம் எத்தனை நாளில் வரும் என்று கேட்க வேண்டும். பழுதடைந்து ஒரு மாதம் தரிப்பிடத்தில் நிற்கும் நல்ல வாகனத்தைவிட, மறுநாளே ஓடும் சுமாரான வாகனம் கிராமத்துக்கு மேலானது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு

பிக்கப்பா சிறு வண்டியா என்று வாதிடும்போது இன்னொரு வழி மறக்கப்படுகிறது. சுமை மாதத்தில் இரண்டு நாள்தான் என்றால், சிறு வண்டியையே வைத்துக்கொண்டு, அந்த இரண்டு நாளும் ஊரவரின் லான்ட்மாஸ்டரையோ ‘பட்டா’ வாகனத்தையோ வாடகைக்குப் பிடிக்கலாம். பெட்டியுடன் கூடிய லான்ட்மாஸ்டர் எந்த வயல் வரம்போரமும் போகும். அதன் சாரதிக்குப் பாதையின் ஒவ்வொரு குழியும் தெரியும். வாடகைப் பணம் எரிபொருள் நிலையத்துக்கு மட்டும் போகாமல் ஊருக்குள்ளும் சுற்றும். கிராமத்தின் பொருளாதாரத்தை வளர்க்க வந்த நிறுவனம், கிராமத்தவர் ஏற்கெனவே செய்யும் ஒரு தொழிலைத் தானே பறித்துக்கொள்வது முறையா என்பதையும் யோசிக்க வேண்டும்.

பிக்கப் தேவையாவது, சுமையும் தூரமும் சேற்றுப் பாதையும் இரவுத் தங்கலும் வாரந்தோறும் ஒன்றாக வரும் பணிக்கே. நடமாடும் மருத்துவ முகாம், விதைநெல் விநியோகம், கிணறு துப்புரவு, பல கிராமங்களை மூன்று நான்கு நாட்களில் சுற்றிவரும் பயிற்சிப் பணி ஆகியவை அத்தகையன.

சுற்றுப்பணிக்கு ஆயத்தம் செய்தல்

அத்தகைய பணிக்கென மாறுவோர், வாங்கிய முதல் மாதத்திலேயே வாகனத்தைச் சில வகைகளில் ஆயத்தப்படுத்திக்கொள்வது நல்லது.

1. பின்பெட்டிக்குப் பூட்டக்கூடிய இலேசான கூடாரம் போட வேண்டும். முடியாவிட்டால் வளைகம்பியும் நல்ல படங்கும் போதும். மருந்தும் விதையும் பதிவேடுகளும் நனையக்கூடாது.

2. பெட்டியின் இருபுறமும் கட்டுவதற்கு வளையங்கள் பொருத்த வேண்டும். கட்டாத சுமை பிறேக் பிடிக்கும்போது கல்லைப் போல முன்னே பாயும். பாரமானவை கீழேயும் முன்பக்கமாகவும், இலேசானவை மேலேயும் இருக்கட்டும்.

3. மண்வெட்டி, கத்தி, இழுவைக் கயிறு, இரண்டு தடித்த பலகை, காற்றுப் பம், காற்றளவி ஆகியவை நிரந்தரமாக வண்டியில் இருக்க வேண்டும். பலகை சில்லுக்குக் கீழேயும், சேற்றில் ஜக் புதையாமல் அதற்குக் கீழேயும் வைக்க உதவும்.

4. 20 லீற்றர் குடிநீர், முதலுதவிப் பெட்டி, நுளம்புவலை, பாய், ரோச் லைற் ஆகியன இரவுத் தங்கலுக்கு. தங்குவது பங்குமனையிலோ பாடசாலையிலோ ஆனாலும், ஊரவரின் பாயையும் தண்ணீரையும் எதிர்பார்த்துப் போகக்கூடாது.

5. பின்னாசனத்தின் ஒரு பக்கத்தை எப்போதும் வெறுமையாக வைத்திருக்க வேண்டும். அது வழியில் ஏற்ற வேண்டியவருக்கு உரிய இடம்.

6. சாரதியை வெறும் வாகனத்துடனும், பின்னர் சுமையுடனும், நனைந்த வெளியொன்றில் ஒரு நாள் ஓடிப் பழக விட வேண்டும். தாழ் கியரை முதன்முறையாகப் போட்டுப் பார்ப்பது புதைந்த பின்னராக இருக்கக்கூடாது.

கொப்பி ஒன்றில் தொடங்குங்கள்

இவ்வளவையும் வாசித்த பின்னரும், எமது பணிமனைக்கு எது பொருத்தம் என்று கேட்பீர்களாயின், விடை உங்கள் வண்டியின் ஓட்டப் பதிவேட்டிலேயே இருக்கிறது. பெரும்பாலான பதிவேடுகளில் கிலோமீற்றரும் எரிபொருளும் மட்டும் எழுதப்படுகின்றன. இன்னும் நான்கு நிரல்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் சென்றார்கள்? எவ்வளவு சுமை? எந்த இடத்தில் பாதை காரணமாகத் திரும்பினோம்? கேட்டும் ஏற்ற முடியாமற் போனவர் யார்? வறட்சியில் மூன்று மாதமும் மாரியில் மூன்று மாதமும் எழுதிய பின் நிர்வாகக் குழுவைக் கூட்டுங்கள். கிராமச் சங்கங்களிலிருந்தும் இருவரை, முக்கியமாகப் பெண்களை, அக்கூட்டத்துக்கு அழையுங்கள். இருக்க இடமின்றி நின்றவர்களுக்கே வாகனத்தின் குறை நன்கு தெரியும்.

பயணங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சுமையாலோ பாதையாலோ குறைபட்டிருந்தால் பிக்கப்புக்கு மாறலாம். அதற்குக் குறைவாயின் சிறு வண்டியைத் திருத்தி ஓடுங்கள். சுமைக்கு வாடகை கொடுங்கள். நான்காவது நிரலில் பெயர்கள் நிறைந்திருந்தால், நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது ஆசன ஒழுங்கையே.

மாறினாலும் மாறாவிட்டாலும் ஒரு விதியை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவது நல்லது. மாரிகாலத்தில் மாதம் ஒரு முறையாவது, பாதை முடியும் கடைசிக் கிராமத்துக்கு வாகனம் போக வேண்டும். வாகனம் போகக்கூடிய இடத்துக்கு வாகனத்தில் போவோம். அதற்கு அப்பால் இறங்கி நடப்போம். பிக்கப்பின் பயன், அப்படி நடக்க வேண்டிய தூரத்தைச் சற்றுக் குறைத்து, நாம் கொண்டு செல்வதைச் சற்றுக் கூட்டுவதே. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க எதுவுமில்லை. அதற்குக் குறைவாக அதனைப் பயன்படுத்த நமக்கு உரிமையுமில்லை.